வெயிட் குறைக்கணும்னு தெரியுது, ஆனா ஆரம்பிக்கவே மனசு வரல: மலைச்சுப் போய் உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ராத்திரி பதினொன்றரை மணிக்குப் படுத்துக்கிட்டே, 30 கிலோ குறைச்ச யாரோ ஒருத்தரோட வீடியோவைப் பார்த்து, அதை சேவ் பண்ணி வச்சுட்டு, திங்கக்கிழமைலருந்து கண்டிப்பா ஆரம்பிக்கறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு தூங்கியிருக்கீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான். திங்கக்கிழமை வரும், எழுந்திருக்கும்போதே வாக்கிங் போகணும், என்ன சாப்பிடக்கூடாதுன்னு யோசிக்கணும், ஜிம்ல சேரணும், சர்க்கரையை நிறுத்தணும், தண்ணி நிறைய குடிக்கணும்னு எல்லாம் ஒரே நேரத்துல மண்டைக்குள்ள வந்து நிக்கும், அப்படியே மலைச்சுப் போய், சரி அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டுடுவோம்.

நான் அப்படி ஏழெட்டு தடவை விட்டிருக்கேன். அப்போ என் வெயிட் 96 கிலோ, என் உயரத்துக்கு எவ்ளோ இருக்கணும்னு கணக்குப் போட்டா 26 கிலோ குறைக்கணும்னு வந்துச்சு, அந்த நம்பரைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துவேன், பத்தாவது நாள் தாண்டினதே இல்ல. கடைசியா ஒரு தடவை மட்டும் தாண்டிச்சு. அந்தத் தடவை நான் பண்ணது ஒண்ணே ஒண்ணுதான், மதியம் சாப்பிட்டதும் தெருமுனை வரைக்கும் நடந்துட்டு திரும்பி வருவேன், போக வர மொத்தம் 5 நிமிஷம். மூணு வாரத்துக்கு வேற எதையும் தொடல. அதுக்கப்புறம் 16 மாசத்துல 17 கிலோ குறைஞ்சது தனிக் கதை. இங்க நான் சொல்ல வர்றது அந்த முதல் மூணு நாலு வாரத்தைப் பத்தி மட்டும்தான், ஏன்னா டயட் சார்ட் குடுக்க ஆயிரம் பேர் இருக்காங்க, எழுந்திருக்கவே தெம்பு இல்லாதவனுக்கு எப்படித் தொடங்கறதுன்னு சொல்லித்தர ஆள் கம்மி.

ஸ்டெப் 1: எதைப் பார்த்து மலைக்கறீங்கன்னு முதல்ல பிரிச்சு எழுதுங்க

ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோங்க, போன்ல வேணாம், போனைத் திறந்தா வேற எங்கயோ போயிடுவோம். "வெயிட் குறைக்கறதைப் பத்தி நெனச்சா எனக்கு என்ன கஷ்டமா இருக்கு"ன்னு மேல எழுதிட்டு, தோணுறதெல்லாம் எழுதுங்க, அழகா எழுதணும்னு இல்ல. பத்து நிமிஷம் போதும். எழுதி முடிச்சுட்டுப் பார்த்தீங்கன்னா பெரும்பாலும் இந்த அஞ்சுல ஏதாவது ஒண்ணு ரெண்டுலதான் வந்து நிக்கும்.

ஒண்ணு, நம்பர் பெருசா இருக்கு. 20, 30, 40 கிலோன்னு பார்க்கும்போதே இது நம்மால ஆகாதுன்னு தோணிடுது.

ரெண்டாவது, ஆலோசனை ரொம்ப அதிகமாயிடுச்சு. ஒருத்தர் மாவுச்சத்தை விடுன்னு சொல்றார், இன்னொருத்தர் கொழுப்பை விடுங்கறார், மூணாவது ஆள் காலைச் சாப்பாடே வேணாம்ங்கறார், நாலாவது ஆள் காலைல ராஜா மாதிரி சாப்பிடுங்கறார். எதை நம்புறதுன்னே தெரியாம எதையும் செய்யாம இருக்கோம்.

மூணாவது வெட்கம். வெளிய நடந்தா யாராவது பார்ப்பாங்க, ஜிம்ல நம்மளை ஒரு மாதிரி பார்ப்பாங்க, சொந்தக்காரங்க "என்ன திடீர்னு"ன்னு கேப்பாங்க. இதை நிறைய பேர் வெளிய சொல்லவே மாட்டாங்க, ஆனா எழுதச் சொன்னா முதல் வரியே இதுவாத்தான் இருக்கும்.

நாலாவது நிஜமான களைப்பு. வேலை, குழந்தைங்க, வயசானவங்களைப் பாத்துக்கறது, கடன், தூக்கம் இல்லாம இருக்கறது. இவங்களுக்கு மோட்டிவேஷன் ஸ்பீச் குடுக்கறது பாவம், இவங்க கிட்ட மனசு இருக்கு, மிச்சம் பொழுதும் தெம்பும்தான் இல்ல.

அஞ்சாவது பழைய தோல்வி. ஏற்கனவே குறைச்சு திரும்ப ஏறினவங்களுக்கு "எப்படியும் திரும்ப ஏறத்தானே போகுது"ங்கற எண்ணம் ஆணி அடிச்ச மாதிரி உள்ள இருக்கும்.

ஏன் இதைப் பிரிக்கச் சொல்றேன்னா ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. நம்பர்தான் பிரச்சனைன்னா நம்பரை மாத்தணும், ஆலோசனை குவிஞ்சு கிடக்குன்னா கேக்கறதை நிறுத்தணும், வெட்கம்னா யார் கண்ணுலயும் படாம வீட்டுக்குள்ள ஆரம்பிக்கணும், களைப்புன்னா தூக்கத்துலருந்து ஆரம்பிக்கணும். எல்லாத்துக்கும் சேர்த்து "எனக்கு வில்பவர் இல்ல"ன்னு ஒரே பேர் வச்சுடறோம், அந்தப் பேரை வச்சுட்டா அதுக்கு மேல செய்யறதுக்கு எதுவுமே இல்லாம போயிடுது.

ஸ்டெப் 2: மோட்டிவேஷன் வரட்டும்னு காத்திருக்கறதை விட்டுடுங்க

நமக்கெல்லாம் ஒரு நெனப்பு இருக்கு, முதல்ல உள்ள ஒரு உந்துதல் வரும், அதுக்கப்புறம் நாம செய்ய ஆரம்பிப்போம்னு. மலைச்சுப் போயிருக்கற மனசுல இது தலைகீழாத்தான் நடக்குது. மன அழுத்தத்துக்கு குடுக்கற சிகிச்சைகள்ல பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு ஒண்ணு இருக்கு, 1970கள்ல பீட்டர் லூவின்சன்ங்கற உளவியலாளர் இதுக்கு அடித்தளம் போட்டார். அதோட உள் விஷயம் எளிமையானது, மனசு சரியானதும் செய்யலாம்னு உக்காந்திருந்தா மனசு இன்னும் கீழ போகும், சின்னதா ஏதாவது ஒண்ணைச் செஞ்சுட்டா அந்தச் செயல்லருந்து கொஞ்சம் தெம்பு கிடைக்கும், அந்தத் தெம்புல அடுத்ததைச் செய்யலாம்.

1977ல ஆல்பர்ட் பண்டூராங்கற உளவியலாளர் எழுதினதும் இதுக்குப் பக்கத்துல வரும். "என்னால இது முடியும்"ங்கற நம்பிக்கை ஒருத்தனுக்கு எங்கருந்து வருதுன்னு பார்த்தப்போ, மத்தவங்க பேசி ஏத்திவிடறதை விட, தானே ஒரு தடவை செஞ்சு முடிச்ச அனுபவம்தான் அதிகம் வேலை செய்யுதுன்னு சொன்னார். அதனால சேவ் பண்ணி வச்ச நாப்பது வீடியோவை விட நீங்க நடந்த அந்த 5 நிமிஷம் உங்களுக்குள்ள அதிக வேலை பார்க்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஆறாவது நாளோ ஏழாவது நாளோ தெருமுனைலருந்து திரும்பும்போது "அட, ஒரு வாரமா விடாம வந்திருக்கோமே"ன்னு தோணிச்சு பாருங்க, அந்த உணர்வு எந்த வீடியோ பார்த்தும் எனக்கு வந்ததில்ல.

ஸ்டெப் 3: ஒரு தடவை டாக்டரைப் பார்த்துடுங்க

இதைச் சுருக்கமா சொல்லிட்டுப் போறேன் ஆனா தாண்டிப் போயிடாதீங்க. தைராய்டு சுரப்பு கம்மியா இருந்தா, பெண்களுக்கு பிசிஓஎஸ்ங்கற சினைப்பை, ஹார்மோன் பிரச்சனை இருந்தா, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மாத்திரைகள் எடுத்துக்கிட்டு இருந்தா வெயிட் ஏறும், களைப்பும் கூடவே இருக்கலாம். மாத்திரையைத் தானா நிறுத்திடாதீங்க, டாக்டர் கிட்ட கேளுங்க. குறட்டை ரொம்ப விடறீங்க, பகல்ல தூங்கி வழியறீங்கன்னா அதையும் சொல்லுங்க, தூக்கத்துல மூச்சுத் தடைப்படற பிரச்சனையா இருக்கலாம். சர்க்கரைக்கு மருந்து எடுக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, இதுக்கு முன்னாடி சாப்பாட்டு விஷயத்துல பட்டினி கிடந்து, வாந்தி எடுத்துன்னு கஷ்டப்பட்டவங்க தனியா எதையும் ஆரம்பிக்கவே வேணாம். அதே மாதிரி வெயிட் மட்டும் இல்லாம எதுலயுமே ரெண்டு வாரமா மனசு ஒட்டலன்னா, அது மன அழுத்தமா இருக்கலாம், அதுக்கு முதல்ல உதவி கேளுங்க, வெயிட் காத்திருக்கட்டும்.

ஸ்டெப் 4: நம்பரைச் சின்னதாக்குங்க

எனக்கு 26 கிலோன்னு சொன்னேன்ல, அந்த நம்பரை நான் ஒரு நாள் பேப்பர்லருந்து அடிச்சுட்டு 5 கிலோன்னு எழுதினேன். ஏமாத்து வேலை மாதிரி இருந்துச்சு அப்போ. ஆனா இதுக்குப் பின்னாடி நல்ல ஆதாரம் இருக்கு. உடம்பு எடைல 5லருந்து 10 சதவீதம் குறைஞ்சாலே ரத்த அழுத்தம், ரத்தத்துல சர்க்கரை, டிரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு எல்லாத்துலயும் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். 2002ல அமெரிக்காவுல வெளியான சர்க்கரை நோய் தடுப்பு ஆய்வுல, சர்க்கரை வர வாய்ப்பு அதிகமா இருந்த 3,234 பேரைச் சேர்த்தாங்க. அதுல ஒரு குழுவுக்கு குடுத்த இலக்கு ஒல்லியாகறது இல்ல, உடம்பு எடைல 7 சதவீதம் குறைக்கணும், வாரத்துக்கு 150 நிமிஷம் நடை மாதிரி ஏதாவது பண்ணணும், அவ்ளோதான். அந்தக் குழுவுல சர்க்கரை நோய் வர்றது 58 சதவீதம் குறைஞ்சது. மாத்திரை குடுத்த குழுவுல 31 சதவீதம்தான் குறைஞ்சது.

96 கிலோ ஆளுக்கு 5 சதவீதம்னா 4.8 கிலோ. உங்க எடையை 20ஆல வகுத்துப் பாருங்க, வர்றதுதான் உங்க முதல் நம்பர். மீதியை இப்போ யோசிக்கவே வேணாம், அது வந்ததுக்கப்புறம் பாத்துக்கலாம்.

நடைலயும் இதே கதைதான். ஒரு நாளைக்கு 10,000 ஸ்டெப்ஸ்னு எல்லாரும் சொல்றாங்களே, அது மருத்துவ ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச எல்லைக்கோடு கிடையாது, 1965ல ஜப்பான்ல வித்த ஒரு ஸ்டெப்ஸ் எண்ற கருவியோட பேர்லருந்து பரவினது, அந்தப் பேருக்கு அர்த்தமே பத்தாயிரம் ஸ்டெப்ஸ் எண்ற மீட்டர். அது வரைக்கும் போனா நல்லதுதான், ஆனா 2,000 நடக்கறவர் 3,500 நடந்தா அதுவும் உடம்புக்கு கணக்குல சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020ல குடுத்த வழிகாட்டுதல்ல, ஒரே மூச்சுல பத்து நிமிஷமாவது பண்ணாத்தான் கணக்குங்கற பழைய விதியையே எடுத்துட்டாங்க. ரெண்டு நிமிஷமும் சேரும்.

ஸ்டெப் 5: ஒரே ஒரு பழக்கம், அதுவும் கூச்சப்படற அளவுக்குச் சின்னதா

இந்த வழிகாட்டில எல்லாத்தையும் மறந்துட்டாலும் இதை மட்டும் வச்சுக்கோங்க.

எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னா, உங்க வாழ்க்கைல ரொம்ப மோசமான ஒரு நாளை நெனச்சுக்கோங்க. காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு, ஆபீஸ்ல சண்டை, வீட்டுக்கு லேட்டா வந்திருக்கீங்க, தலை வலிக்குது. அந்த நாள்லயும் இதைச் செய்ய முடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா அது பெருசு, பாதியாக்குங்க, திரும்ப கேளுங்க. 45 நிமிஷ வாக்கிங் அந்த நாள்ல நடக்காது. தெருமுனை வரைக்கும் போயிட்டு வர்றது நடக்கும். அதுவும் முடியலன்னா ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல ரெண்டு நிமிஷம் நிக்கறது நடக்கும், சிரிப்பா இருக்கும் கேக்க, ஆனா அதுலருந்து ஆரம்பிச்சவங்க இருக்காங்க.

நடைதான்னு இல்ல. சர்க்கரை போட்ட கூல்டிரிங்க்ஸ் குடிக்கற பழக்கம் இருந்தா ஒரு நாளைக்கு ஒண்ணை மட்டும் தண்ணியா மாத்தலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுல மட்டும் தட்டுல பாதி காய்கறி வச்சுக்கலாம். படுக்கற நேரத்தை அரை மணி முன்னாடி கொண்டுவரலாம். நாற்காலிலருந்து கையை ஊனாம அஞ்சு தடவை எழுந்து உக்காரலாம், இது முழங்கால் தாங்கறவங்களுக்கு. இதுல எது உங்களுக்கு "ப்ச், இது கூடவா முடியாது"ன்னு தோணுதோ அதை எடுங்க. ரெண்டு எடுக்காதீங்க. ஆசையா இருக்கும் ரெண்டு எடுக்க, குறிப்பா முதல் நாள் உற்சாகத்துல, எடுக்காதீங்க.

அடுத்தது அதை எங்க ஒட்டறதுங்கறது. "டெய்லி நடப்பேன்"னு சொன்னா அது நடக்காது, ஏன்னா எப்போங்கற முடிவை ஒவ்வொரு நாளும் புதுசா எடுக்க வேண்டியிருக்கும், களைச்சுப் போன மண்டைக்கு அந்த முடிவுதான் பெரிய சுமை. பீட்டர் கோல்விட்சர்ங்கற உளவியலாளர் 1999ல இதைப் பத்தி எழுதினார், "இது நடந்தா, இதைச் செய்வேன்"ங்கற மாதிரி முன்கூட்டியே ஒரு வாக்கியமா முடிவு பண்ணி வச்சா சும்மா இலக்கு வச்சுக்கறதை விட செஞ்சு முடிக்கற வாய்ப்பு கூடுதுன்னு. 2006ல அவரும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்பவும் அதே முடிவுதான் வந்துச்சு. என் வாக்கியம் இதுதான், "மதியம் சாப்பிட்டு தட்டைக் கழுவி வச்ச உடனே, செருப்பை மாட்டிக்கிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவேன்." தட்டு கழுவறது எப்படியும் நடக்கற வேலை, அதோட வால்ல இதைக் கட்டி விட்டேன். உங்களுக்கு அது பல் தேய்க்கறதா இருக்கலாம், குழந்தையை ஸ்கூல்ல விட்டுட்டுத் திரும்பறதா இருக்கலாம், ஆபீஸ் லேப்டாப்பை மூடறதா இருக்கலாம். மணி பார்த்து வைக்கறதை விட ஒரு வேலையோட வால்ல கட்டறது மேல், மணி தள்ளிப் போயிடும், வேலை எப்படியும் வரும்.

எத்தனை நாள்ல பழகும்னு கேப்பீங்க. 21 நாள்னு ஊரெல்லாம் சொல்றாங்க, அதை நம்பி மனசு ஒடிஞ்சு போனவன் நான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை வச்சுப் பண்ணி வெளியிட்ட ஆய்வுல, ஒரு பழக்கம் தானா நடக்கற நிலைக்கு வர பொதுவா 66 நாள் மாதிரி ஆச்சு, ஆளுக்கு ஆள் 18 நாள்லருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம் இருந்துச்சு. அதுல எனக்கு ரொம்ப ஆறுதல் குடுத்த விஷயம் வேற, நடுவுல ஒரு நாள் விட்டுப் போனது பழக்கம் உருவாகறதைப் பெருசா பாதிக்கல.

ஸ்டெப் 6: பட்டினியோட ஆரம்பிக்காதீங்க

முதல் நாளே சாப்பாட்டைப் பாதியா வெட்டறதுதான் நம்மள்ல நிறைய பேர் பண்ற தப்பு. 1944, 45ல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்ங்கறவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வச்சு ஒரு பரிசோதனை பண்ணார். அவங்க எல்லாரும் தானா முன்வந்தவங்க, ஆறு மாசத்துக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,600 கலோரிதான் சாப்பாடு, கூடவே நிறைய நடை. எடை குறைஞ்சது, கூடவே எரிச்சல், சோர்வு, எதுலயும் ஆர்வம் இல்லாம போறது, எந்நேரமும் சாப்பாட்டு நெனப்பு, சமையல் புத்தகம் படிக்கற அளவுக்குப் போயிடுச்சு. நல்லா இருந்த பசங்களுக்கே அப்படின்னா, ஏற்கனவே மலைச்சுப் போய் களைச்சுப் போயிருக்கற ஒருத்தர் 1,200 கலோரின்னு ஆரம்பிச்சா மூணாவது நாள் ராத்திரி சமையலறைல நிக்கறதுல என்ன ஆச்சரியம் இருக்கு சொல்லுங்க, அதுக்குப் போய் தன்னைத்தானே திட்டிக்கறாங்க.

முதல் மாசம் சாப்பாட்டுல எதையும் எடுக்க வேணாம், சேர்க்கறதைப் பத்தி யோசிங்க. காய்கறி கொஞ்சம் கூட, பருப்பு, முட்டை, மீன் மாதிரி புரதம் கொஞ்சம் கூட, ஏன்னா இது ரெண்டும் வயித்தை நிறைச்சு வைக்கும், மத்தது தானா கொஞ்சம் குறையும்.

வீட்டுல எது கண்ணுல படற இடத்துல இருக்குங்கறதையும் பாருங்க. 2019ல கெவின் ஹால்ங்கற ஆய்வாளர் 20 பேரை ஒரே இடத்துல தங்க வச்சு, ரெண்டு வாரம் பாக்கெட்ல வர்ற மாதிரி அதிகம் பதப்படுத்தின சாப்பாடு, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச சாப்பாடுன்னு குடுத்தார், எவ்ளோ வேணும்னாலும் சாப்பிடலாம். முன்னாடி வச்ச சாப்பாட்டுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் பதப்படுத்தினதைச் சாப்பிட்ட நாட்கள்ல ஒரு நாளைக்கு 500 கலோரி மாதிரி கூடுதலா உள்ள போச்சு. அதே ஆளுங்க, அதே மனசு. அதனால பாக்கெட் நொறுக்குத்தீனியை மேல் அலமாரில, கை எட்டாத இடத்துல வைங்க, பழத்தை மேசை மேல வைங்க, இதுக்கு ஒரு தடவை எழுந்து 10 நிமிஷம் வேலை பார்த்தாப் போதும், தினம் தினம் மனசோட சண்டை போட வேணாம்.

ஸ்டெப் 7: தூக்கம்

நாலாவது வகை, அதாவது களைப்புக்காரங்க, இதையே உங்க ஒரே பழக்கமா எடுத்துக்கோங்க. 2004ல வந்த ஒரு ஆய்வுல 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டாங்க, பசியைத் தூண்டற கிரெலின் ஹார்மோன் ஏறிச்சு, போதும்னு சொல்ற லெப்டின் இறங்கிச்சு, இனிப்பு, உப்பு, மாவுச்சத்துப் பக்கம் ஆசை கூடிச்சு. தூங்காம டயட் பண்றது ஓட்டைப் பானைல தண்ணி பிடிக்கற மாதிரிதான். போனை வேற ரூம்ல சார்ஜ் போடறதுலருந்து ஆரம்பிக்கலாம்.

ஸ்டெப் 8: கேக்கறதைக் குறைங்க

ரெண்டாவது வகைக்காரங்களுக்கு இது. ஒரு மாசத்துக்கு வெயிட் லாஸ் வீடியோ, ரீல்ஸ், போட்டோ எல்லாத்தையும் மியூட் பண்ணுங்க, சேவ் பண்ணி வச்சதை அழிக்க மனசு வரலன்னா அப்படியே விடுங்க ஆனா பாக்காதீங்க. ஒரு விஷயத்தைப் பத்திப் படிச்சுக்கிட்டே இருந்தா அதைச் செஞ்ச மாதிரி ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதிதான் நம்மள உக்கார வைக்குது. வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் சொல்லுங்க, அதுவும் எப்படிச் சொல்லணும்னா, "நான் மதியம் கொஞ்சம் நடக்கப் போறேன், நீ என்னை ஞாபகப்படுத்த வேணாம், வெயிட் எவ்ளோன்னு கேக்கவும் வேணாம், அந்த நேரத்துல வேற வேலை மட்டும் சொல்லாம இரு." நல்ல மனசோட கேக்கற கேள்வி கூட ஆரம்பத்துல பாரமா இருக்கும்.

ஸ்டெப் 9: விட்டுப்போற நாளுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணி வைங்க

விட்டுப் போகும். கண்டிப்பா போகும். கல்யாணம், காய்ச்சல், மழை, மாதவிடாய், ஆபீஸ் டெட்லைன், இல்ல எதுவுமே இல்லாம சும்மா மனசே சரியில்லாத ஒரு நாள். பிரச்சனை அந்த நாள்ல இல்ல, அதுக்கு அடுத்து நம்ம மண்டைல ஓடற கணக்குல இருக்கு, "ஒரு துண்டு கேக் சாப்பிட்டாச்சு, இன்னைக்கு கெட்டுப்போச்சு, சரி முழுசா சாப்பிட்டுடலாம், நாளைலருந்து பாத்துக்கலாம்." 1975ல ஹெர்மன், மேக்னு ரெண்டு பேர் இதைப் பரிசோதனையாவே பண்ணிப் பார்த்தாங்க. சிலருக்கு முதல்ல மில்க்‌ஷேக் குடுத்தாங்க, அப்புறம் ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொன்னாங்க. டயட் கட்டுப்பாடு இல்லாதவங்க மில்க்‌ஷேக் குடிச்சதால ஐஸ்கிரீமைக் கம்மியாச் சாப்பிட்டாங்க, அது இயல்பு. எந்நேரமும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கிட்டு இருந்தவங்க மில்க்‌ஷேக் குடிச்சதுக்கப்புறம் ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாச் சாப்பிட்டாங்க. விதி உடைஞ்சுடுச்சுன்னு தோணினதும் கட்டே அவுந்து போயிடுது.

இதுக்கு என்ன பண்றது? தன்னைக் கடுமையாத் திட்டிக்கிட்டா சரியாயிடும்னு நமக்கு வளர்ப்புலயே வந்துடுச்சு, ஆனா அது உதவல. 2007ல ஆடம்ஸ், லியரின்னு ரெண்டு ஆய்வாளர்கள், டயட்ல இருக்கற பெண்களுக்கு முதல்ல ஒரு டோனட் சாப்பிடக் குடுத்துட்டு, அதுல சிலர் கிட்ட மட்டும் "எல்லாரும் எப்போவாவது இப்படிச் சாப்பிடறதுதான், உங்க மேல கோவப்பட்டுக்காதீங்க"ங்கற மாதிரி சொன்னாங்க. அப்படிச் சொல்லப்பட்டவங்க அடுத்து வச்ச மிட்டாயைக் கம்மியாத்தான் சாப்பிட்டாங்க. ஒரு ஃபிரெண்டு வந்து "இன்னைக்கு நடக்கல டா"ன்னு சொன்னா நீங்க அவனை என்ன திட்டவா போறீங்க, சரி விடு நாளைக்குப் போன்னுதான சொல்வீங்க, அதே குரல்ல உங்க கிட்டயும் பேசுங்க.

நான் வச்சிருந்த விதி ரெண்டே ரெண்டு. ஒரு நாள் விட்டா கேள்வி கேக்கக்கூடாது, தொடர்ந்து ரெண்டாவது நாள் மட்டும் விடக்கூடாது. ரெண்டாவது நாள்ல முழுசா முடியலன்னா செருப்பை மாட்டிக்கிட்டு கேட் வரைக்குமாவது போயிட்டு வரணும். அடுத்தது, விட்டதை ஈடு கட்ட மறுநாள் ரெண்டு மடங்கு பண்ணக்கூடாது. ஈடு கட்டறதுன்னு ஆரம்பிச்சா அது கடனாயிடும், கடன் சேர்ந்தா திரும்ப மலைப்பு வந்துடும்.

ஸ்டெப் 10: தராசோட எப்படிப் பழகறது

ஒரே நாளுக்குள்ளயும், நாளுக்கு நாளும் எடை 1, 2 கிலோ ஏறி இறங்கறது சாதாரணம். உப்பு, தண்ணி, மலம், மாதவிடாய் எல்லாம் அதுல சேரும். உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனா சேமிச்சு வைக்கும்போது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணியையும் சேர்த்தே வச்சுக்கும், அதனால கடுமையான டயட்ல முதல் வாரம் மூணு கிலோ போச்சுன்னு சொல்றாங்களே, அதுல பெரும்பகுதி தண்ணி, ஒரு விருந்து சாப்பிட்டா திரும்பி வந்துடும். ஒரு கிலோ கொழுப்புல 7,700 கலோரி மாதிரி இருக்கு, ஒரு நாள் சாப்பிட்டதுல ஒரு கிலோ கொழுப்பு ஏற வாய்ப்பே இல்லன்னு அந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

தராசைப் பார்த்தா உங்க நாளே கெட்டுடுதுன்னா முதல் நாலு வாரம் அதைத் தொடாதீங்க. அதுக்குப் பதிலா ஒரு காலண்டர்ல செஞ்ச நாளுக்கு ஒரு டிக் போடுங்க. நான் அதைத்தான் பண்ணேன், மூணு வாரம் கழிச்சு ஏறிப் பார்த்தப்போ எடை அப்படியே 96ல இருந்துச்சு, ஆனா காலண்டர்ல 21ல 18 டிக் இருந்துச்சு, அந்த 18ஐப் பார்த்துத்தான் நான் நாலாவது வாரம் போனேன். அதுக்கப்புறம் பார்க்கறதா இருந்தா காலைல, பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி, வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமைல பாருங்க. மாடி ஏறும்போது மூச்சு வாங்கறது குறையுதா, ராத்திரி தூக்கம் நல்லா வருதா, ஷூ லேஸ் கட்டக் குனியறது சுலபமாச்சா, இதையும் எழுதி வைங்க, இதெல்லாம் தராசுக்கு முன்னாடியே வந்துடும்.

எப்போ கூட்டறது

ரெண்டு மூணு வாரம் போனதும் ஒரு நாள் நீங்களே கூடக் கொஞ்சம் போவீங்க. எனக்கு அஞ்சாவது வாரத்துல ஒரு நாள் தெருமுனைல திரும்பாம அப்படியே போயிட்டேன், வீட்டுக்கு வந்து மணி பார்த்தா 20 நிமிஷம் ஆயிருந்துச்சு. அப்படித் தானா வந்தா விடுங்க, ஆனா எழுதி வச்ச வாக்கியத்தை மாத்தாதீங்க, கட்டாயம் 5 நிமிஷம்தான், மிச்சம் இஷ்டம். அந்த 5 நிமிஷம் ரெண்டு வாரமா போரடிக்கற அளவுக்குச் சுலபமா ஆயிடுச்சுன்னா அப்போ ரெண்டாவது பழக்கத்தைச் சேருங்க, அதையும் இதே மாதிரி வேற ஒரு வேலையோட வால்ல கட்டி. ரெண்டாவதைச் சேர்த்ததும் முதலாவது ஆட்டம் கண்டா ரெண்டாவதை எடுத்துடுங்க, அது இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

நாலு வாரம் ஆகியும் காலண்டர்ல டிக் பாதிக்கும் கம்மியா இருந்தா, நீங்க எடுத்தது இன்னும் பெருசுன்னு அர்த்தம், இல்ல தப்பான வேலையோட வால்ல கட்டியிருக்கீங்க. அஞ்சு நிமிஷத்தை ரெண்டாக்குங்க. மதியம் ஒத்து வரலன்னா காலைல பல் தேய்ச்சதுக்கப்புறம் வச்சுப் பாருங்க. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுட்டு மறுபடியும் முதல் நாள்னு எழுதி ஆரம்பிங்க, நானும் ஒரு தடவை அப்படித் திருப்பிப் போட்டேன்.

இன்னைக்கு ராத்திரி வேற எதுவும் பண்ண வேணாம். ஒரு சின்ன பேப்பர்ல "___ முடிஞ்ச உடனே, ___ பண்ணுவேன்"னு எழுதி, கோடு போட்ட இடத்தை நிரப்பி, நாளைக்கு உங்க கண்ணுல எங்க படுமோ அங்க ஒட்டிட்டுப் படுங்க.